வலி நிஜம், ஆபத்து நிஜமா? நாள்பட்ட வலியிலிருந்து மீள ஒரு முழுமையான வழிகாட்டி

"ஸ்கேனில் ஒன்றும் இல்லை" என்று டாக்டர் சொன்னால் நிம்மதி வர வேண்டும். வருஷக்கணக்காக வலியோடு இருப்பவர்களுக்கு அது வராது. அடுத்த வாக்கியம் என்னவென்று அவர்களுக்குத் தெரியும்: "டென்ஷனைக் குறைத்துக்கொள்ளுங்கள்." வீட்டுக்கு வருவதற்குள் அது "எல்லாம் உன் மனசுலதான் இருக்கு" என்று மாறியிருக்கும். நான்கு வருடம் இடுப்பு வலியோடு காலம் தள்ளியவன் நான். வலியைவிட அந்த ஒரு வரிதான் என்னை அதிகம் குத்தியது.

அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனசுக்கும் உடம்புக்கும் தொடர்பு உண்டு என்று சொன்னால், உங்கள் வலி கற்பனை என்று அர்த்தமாகாது. வலி நிஜம். அந்த வலி எச்சரிக்கிற ஆபத்து இன்னும் அங்கே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதை நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். பெரும்பாலான தசைப்பிடிப்புகளும் சுளுக்குகளும் அதற்குள் ஆறிவிடும். காயம் ஆறிய பிறகும் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தால், நாம் கவனிக்க வேண்டியது அந்த அலாரத்தை.

முதல் படி: பயப்பட வேண்டிய வலியா என்று தீர்த்துக்கொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. முதுகு வலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது, சிறுநீர் வராமல் நின்றுபோவது, தொடையிடுக்கும் பிறப்புறுப்பைச் சுற்றிய இடமும் மரத்துப்போவது, காலில் பலம் குறைந்துகொண்டே வருவது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாத எடைக் குறைவு, ஏற்கெனவே புற்றுநோய் வந்திருப்பது, கீழே விழுந்த பிறகு தொடங்கிய வலி, நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவருக்குத் திடீரென்று வரும் முதுகு வலி, எப்படிப் படுத்தாலும் இரவில் அடங்காத வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் உடம்பு விறைத்திருந்து, நடமாட நடமாடக் குறைந்தால் மூட்டு அழற்சி நோயாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்துகள் உண்டு.

ஒரு நல்ல டாக்டர் நிதானமாகப் பரிசோதித்து, ஆபத்தானது எதுவும் இல்லை என்று சொன்ன பிறகு, புதிய அறிகுறி ஏதும் வராதவரை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நான் நிறுத்தவில்லை. ஐந்து பேரைப் பார்த்தேன். ஐந்து பேரும் ஐந்து பெயர் சொன்னார்கள். ஒவ்வொரு பெயரும் ஒரு வாரத் தூக்கத்தைப் பறித்ததுதான் மிச்சம்.

இன்னொன்று. முடக்குவாதம், நரம்பு பாதிப்பு போன்ற தெளிவான காரணம் உள்ளவர்களுக்கும் கீழே வரும் படிகள் பயன்படும். ஆனால் அவர்களுக்கு இவை சிகிச்சையோடு சேர வேண்டியவை, சிகிச்சைக்கு மாற்று இல்லை.

இரண்டாம் படி: வலி எங்கே உண்டாகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். மற்ற படிகள் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன.

நம்மில் பலரின் மனதில் இருக்கும் படம் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. காலில் நெருப்புப் பட்டால் உள்ளே ஒரு கயிறு இழுபட்டு மூளையில் மணி அடிக்கிறது என்பது போல விளக்கினார் தத்துவவாதி தெகார்த். அந்தக் கணக்குப்படி காயம் எவ்வளவோ வலியும் அவ்வளவுதான் இருக்க வேண்டும். நடைமுறை அப்படி இல்லை. 1995-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு குறிப்பு வந்தது. 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் கீழே குதித்தபோது 15 சென்டிமீட்டர் ஆணி ஒன்று பூட்ஸைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டது. லேசாக அசைத்தாலே தாங்க முடியாத வலி. மயக்க மருந்து கொடுத்து ஆணியை எடுத்து, பூட்ஸைக் கழற்றினால், ஆணி விரல்களுக்கு நடுவே போயிருக்கிறது. காலில் கீறல்கூட இல்லை.

அவர் நடித்தாரா? இல்லை. கண் பார்த்ததை வைத்து மூளை "கால் போச்சு" என்று முடிவெடுத்தது. முடிவு தப்பு, வலி நிஜம்.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், பலத்த காயத்தோடு வந்த சிப்பாய்களில் முக்கால்வாசிப் பேர் வலி மருந்து கேட்காததைக் கவனித்து 1946-இல் எழுதினார். அவர்களுக்கு அந்தக் காயம் சண்டையிலிருந்து தப்பித்து வீடு திரும்புவதற்கான சீட்டு. அதே காயம் சாலை விபத்தில் பட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

2007-இல் லோரிமர் மோஸ்லியும் ஆர்னவுட் ஆர்ன்ட்ஸும் இன்னும் எளிமையாகச் சோதித்தார்கள். மைனஸ் 20 டிகிரி குளிர்ந்த உலோகக் குச்சியைக் கையில் ஒரு நொடிக்கும் குறைவாகத் தொட வைத்தார்கள். கூடவே சில தடவை சிவப்பு விளக்கு, சில தடவை நீல விளக்கு. குச்சி ஒன்றுதான், குளிர் ஒன்றுதான். சிவப்பு விளக்கு எரிந்தபோது அதிகம் வலித்தது. சிவப்பு என்றால் சூடு, ஆபத்து என்று நமக்குப் பழக்கம்.

ஆக, நரம்புகள் மூளைக்கு அனுப்புவது வலியை அல்ல, தகவலை. வழியில் தண்டுவடத்திலேயே அந்தத் தகவலைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வாசல் இருக்கிறது என்று மெல்சாக், வால் இருவரும் 1965-இல் சொன்னார்கள். இடித்துக்கொண்ட காலைத் தேய்த்துவிட்டால் இதமாக இருப்பது அதனால்தான். மேலே மூளை அந்தத் தகவலோடு பழைய நினைவு, பயம், தூக்கம், சூழல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, "பாதுகாப்புத் தேவை" என்று தோன்றினால் வலியை உண்டாக்குகிறது. எதிர்பார்ப்பும் ரசாயனமாக வேலை செய்யும். 1978-இல் பல் பிடுங்கியவர்களிடம் நடந்த ஆய்வில், மருந்தில்லாத ஊசி தந்த நிவாரணத்தை நலோக்சோன் என்ற மருந்து குறைத்துவிட்டது. நலோக்சோன் மார்ஃபின் வகை ரசாயனங்களைத் தடுப்பது. அப்படியென்றால் வெறும் நம்பிக்கையால் உடம்பு தானாக அத்தகைய ரசாயனத்தைச் சுரந்திருக்கிறது.

சரி, வலி ஏன் தங்கிவிடுகிறது? ஒரே பாதையில் தகவல் திரும்பத் திரும்பப் போனால் தண்டுவடமும் மூளையும் அதற்குக் கூர்மையாகிவிடும். 1983-இல் கிளிஃபர்ட் வுல்ஃப் இதைச் சோதனையில் காட்டினார். பாட்டுக் கற்றுக்கொள்வது போல மூளை வலியையும் கற்றுக்கொள்கிறது. பூனை நடந்தாலும் கத்தும் திருட்டு அலாரம் மாதிரி, குனிந்தால் வலி, உட்கார்ந்தால் வலி, யாராவது கோபமாகப் பேசினால்கூட வலி. கற்றதை மாற்றிக் கற்க முடியும் என்பதுதான் இதில் நமக்குக் கிடைக்கும் நல்ல செய்தி.

சொந்தக்காரர்கள் "சும்மா சொல்கிறாய்" என்றால் ஒன்றைச் சொல்லுங்கள். உலக வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் திருத்திய வரையறையோடு தரும் குறிப்புகளில், ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது.

மூன்றாம் படி: ஸ்கேன் ரிப்போர்ட்டை மறுபடி படியுங்கள்

"டிஸ்க் தேய்மானம்", "ஜவ்வு பிதுக்கம்" என்ற வார்த்தைகளைப் பார்த்த அன்றைக்கே முதுகு கண்ணாடி ஆகிவிட்டதாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான். ஆறு மாதம் பக்கெட் தூக்கவில்லை.

2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைப் பார்த்தது. 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 50 வயதில் 80 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம். ஜவ்வு பிதுக்கம் 20 வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு. இவர்கள் எல்லோரும் வலி இல்லாமல் நடமாடியவர்கள். தலை நரைப்பது போல உள்ளேயும் நரைக்கிறது, அவ்வளவுதான். ஸ்கேனில் தெரிவது எதற்குமே அர்த்தமில்லை என்று நான் சொல்லவில்லை. உங்கள் அறிகுறியும் பரிசோதனையும் ஸ்கேனும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். "என் வயதுக்கு இது சகஜமா?" என்ற ஒரு கேள்வியே பாதிப் பயத்தைக் கரைக்கும்.

நான்காம் படி: இரண்டு வாரம் துப்பறியுங்கள்

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று மணிக்கொரு தரம் எழுத வேண்டாம். அது வலியையே உற்றுப் பார்க்கும் பழக்கத்தை வளர்க்கும். எப்போது கூடியது, எப்போது குறைந்தது, அதற்கு முன் என்ன நடந்தது என்று இரவில் நாலு வரி எழுதுங்கள்.

வலி இடம் மாறுகிறதா? அடி எதுவும் படாமல், வாழ்க்கையில் நெருக்கடியான ஒரு காலத்தில் தொடங்கியதா? ஒரே வேலை ஒரு நாள் வலிக்கிறது, இன்னொரு நாள் வலிக்கவில்லையா? பிடித்த ஆட்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது காணாமல் போகிறதா? வேலை நினைப்பு வரும்போதே தொடங்குகிறதா? எலும்பு முறிந்திருந்தால் அதற்கு லீவு நாள் தெரியாது. வலி இப்படி நேரம் பார்த்து நடந்துகொண்டால் நரம்பு மண்டலத்தின் பங்கு பெரிது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு கேள்விக்கு ஆம் என்று சொல்லிவிட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பல குறிகள் சேர வேண்டும்.

என் நோட்டில் மூன்றாம் நாளே ஒரு விஷயம் பிடிபட்டது. உட்கார்ந்தால் வலி என்று நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அலுவலக நாற்காலியில் இருபது நிமிடம் தாங்காது. அதைவிட மோசமான நாற்காலியில் கிரிக்கெட் மேட்ச் முழுவதையும் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: வலியைப் பயமில்லாமல் கவனிக்கப் பழகுங்கள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்த ஒரு ஆய்வின் முடிவு 2021-இல் ஜாமா சைக்கியாட்ரி இதழில் வந்தது. மிதமான நாள்பட்ட முதுகு வலி உள்ள 151 பேர். ஒரு பிரிவினருக்கு நான்கு வாரம், உங்கள் வலி ஆபத்தானது அல்ல என்று புரியவைத்து, அதை அச்சமின்றிக் கவனிக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களில் 66 சதவீதம் பேர் வலியே இல்லாத அல்லது கிட்டத்தட்ட இல்லாத நிலைக்கு வந்தார்கள். மருந்தில்லாத ஊசி போட்டுக்கொண்டவர்களில் 20 சதவீதம், வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தவர்களில் 10 சதவீதம். ஒரு வருடம் கழித்தும் பலன் பெருமளவு நீடித்தது. ஒரே ஓர் ஆய்வு, ஒரே வகை வலி என்பதையும் மறக்கக் கூடாது. எல்லோருக்கும் எல்லா வலிக்கும் இது செல்லும் என்று யாராவது விற்றால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

அந்தப் பயிற்சியின் அடிப்படையை நீங்களே செய்து பார்க்கலாம். வலி மிதமாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள், உச்சத்தில் இருக்கும்போது வேண்டாம். சௌகரியமாக உட்கார்ந்து ஒரு நிமிடம் மூச்சைக் கவனியுங்கள். பிறகு வலி இருக்கும் இடத்துக்குக் கவனத்தைக் கொண்டுபோங்கள். எரிகிறதா, இறுக்குகிறதா, துடிக்கிறதா? ஓரம் எங்கே முடிகிறது? அசைகிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா? போக்க முயலாதீர்கள். மேகத்தை வேடிக்கை பார்ப்பது போலப் பாருங்கள். கூடவே உங்களுக்கே சொல்லுங்கள்: "இது பழைய அலாரம். இடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை." ஐந்து நிமிடம் போதும், தினமும் இரண்டு தடவை.

கூடினாலும் குறைந்தாலும் தோல்வி இல்லை. பயப்படாமல் ஐந்து நிமிடம் இருந்தீர்களா என்பதுதான் கணக்கு. "குறைஞ்சுதா, குறைஞ்சுதா" என்று ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே செய்தால் அது கவனிப்பு இல்லை, காவல். இந்த இடத்தில்தான் நான் இரண்டு மாதம் மாட்டிக்கொண்டு நின்றேன்.

ஆறாம் படி: அசைவுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்குங்கள்

மூளையைப் பேச்சால் மட்டும் நம்பவைக்க முடியாது. குனிந்து எழுந்து "பார், ஒன்றும் ஆகவில்லை" என்று காட்ட வேண்டும். வலிக்கும் என்று பயந்து அசையாமல் இருந்தால் தசை தளரும், தசை தளர்ந்தால் சீக்கிரம் வலிக்கும், வலித்தால் பயம் கூடும். இந்தச் சுழலை விளாயனும் லின்டனும் 2000-ஆம் ஆண்டில் விரிவாக விளக்கியிருக்கிறார்கள்.

இன்னொரு சுழலும் உண்டு. வலி இல்லாத நாளில் ஆறு மாத வேலையைச் சேர்த்துச் செய்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடப்பது. ரெண்டும் வேண்டாம்.

உங்களுக்கு முக்கியமான ஒரு செயலை எடுங்கள். நடை என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாள், வலி நன்றாகக் கூடும் வரை எவ்வளவு நேரம் நடக்கிறீர்கள் என்று பாருங்கள். 8, 12, 10 நிமிடம் என்றால் சராசரி 10. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 8. நாளையிலிருந்து தினமும் 8 நிமிடம். நல்ல நாளிலும் 8, மோசமான நாளிலும் 8. நல்ல நாளில் நிறுத்துவதுதான் கஷ்டம், ஆனால் நிறுத்துங்கள். வலி போட்ட கணக்கை விட்டு, கடிகாரம் போட்ட கணக்கில் நடக்கிறோம். ஒரு வாரம் பிரச்சினை இல்லாமல் போனால் ஒரு நிமிடம் கூட்டுங்கள். இப்படியே குனிவது, உட்காருவது, தூக்குவது எல்லாவற்றுக்கும்.

கொஞ்சம் வலி வரும். அடுத்த நாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரிதான். இரண்டு நாள் நீடித்தால் ஒரு படி கீழே இறங்குங்கள். பயம் அதிகமாக இருந்தால் பயிற்சியைத் துண்டாக்குங்கள். தரையைத் தொடுவதற்கு முன் முழங்காலைத் தொடுங்கள். நாள்பட்ட வலியில் அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட் கூட இருந்தால் இந்தப் படி பாதி எளிதாகிவிடும். "குனியவே குனியாதீர்கள்" என்று ஆயுள் தண்டனை கொடுப்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

ஏழாம் படி: தூக்கமும் மூச்சும்

இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் பலன் பெரிது. தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும் என்பது நன்றாக நிரூபிக்கப்பட்டது. தினமும் ஒரே நேரத்தில் எழுவதில் தொடங்குங்கள், எத்தனை மணிக்குத் தூங்கினாலும் சரி. மூச்சை நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு கணக்கு. ஐந்து நிமிடத்தில் தாடையும் தோளும் இளகுவது தெரியும். தியானம் பிடிக்குமென்றால் அதுவும் நல்லது. ஜான் கபாட்-சின் 1979-இல் தொடங்கிய எட்டு வாரத் தியானப் பயிற்சிக்கு ஆரம்பத்தில் வந்தவர்களில் பலர் நாள்பட்ட வலியால் அவதிப்பட்டவர்கள்தான்.

எட்டாம் படி: சொல்லாமல் விழுங்கியதை எழுதுங்கள்

எல்லோருக்கும் இது தேவைப்படாது. ஆனால் நோட்டுப் புத்தகத்தில் ஒரே ஆளின் பெயரோ ஒரே கவலையோ திரும்பத் திரும்ப வந்தால், நான்கு நாள் தொடர்ந்து, தினமும் பதினைந்து நிமிடம், அதைப் பற்றி நிறுத்தாமல் எழுதிப் பாருங்கள். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்ட வேண்டாம், முடித்ததும் கிழித்துப் போடலாம். ஆபத்து என்று மூளை கணக்கெடுப்பதில் டிஸ்க் மட்டும் இல்லை, கடனும் உண்டு, பேசாமல் இருக்கும் அண்ணனும் உண்டு. எழுதும்போது தாங்க முடியாத பழைய நினைவுகள் கிளம்பினால் தனியாகத் தொடராதீர்கள், மனநல ஆலோசகரிடம் போங்கள். வலியோடு சேர்ந்து வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லி உதவி தேடுங்கள்.

மாத்திரைகள் பற்றி ஒரு வார்த்தை. வலி குறைகிற உற்சாகத்தில் நீங்களாக நிறுத்தாதீர்கள். நரம்பு வலிக்கான மாத்திரைகள், மன அழுத்த மாத்திரைகள், மார்ஃபின் வகை மருந்துகள் எல்லாவற்றையும் டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: வலி திரும்பி வரும் நாளுக்கு இப்போதே எழுதி வையுங்கள்

வரும். மூன்று வாரம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு காலையில் பழைய வலி அப்படியே வந்து நிற்கும். "எல்லாம் வீணாச்சு" என்று அந்த நிமிடம் தோன்றுவதுதான் உண்மையான ஆபத்து. பழைய பாதை அழிவதில்லை, புதிய பாதை பலப்படுகிறது. களைப்பிலும் நெருக்கடியிலும் மூளை பழையதைத் தொட்டுப் பார்க்கும்.

அந்த நேரத்தில் யோசிக்க வராது. அதனால் நல்ல நாளில் ஒரு அட்டையில் எழுதி பர்ஸில் வையுங்கள். என் அட்டையில் இருப்பது இவ்வளவுதான்: புதிய அறிகுறி ஏதாவது உண்டா? இல்லையென்றால் இது பழைய அலாரம். பத்து மெதுவான மூச்சு. நேற்று எதைச் சுமந்தேன் என்று யோசி, பக்கெட்டையா கவலையையா? இன்றைக்கு நடை பாதி, பூஜ்யம் கிடையாது. இணையத்தில் தேடாதே. டாக்டரை மாற்றாதே. மூன்று நாள் கழித்துப் பார்.

கடைசியாக அந்த அட்டையை எடுத்தது போன மாதம். மூன்று நாள் கழித்துப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தேனே, ஐந்தாம் நாள்தான் ஞாபகம் வந்தது.